மழைக்கு முன் தொட்டியைக் காலி செய்யுங்கள்



ஐப்பசி பிறக்கப் போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தோப்பில் புல் வெட்டிய பிரஷ் கட்டர், கரும்பில் ஓட்டிய பவர் வீடர், சின்ன பெட்ரோல் பம்பு எல்லாம் கொட்டகைக்குள் போய்விடும். மறுபடி வெளியே வருவது பெரும்பாலும் தை, மாசியில்தான். வழக்கமாக இந்த இதழில் சம்பா நடவு பற்றி எழுதுவேன். இந்த முறை பெட்ரோல் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாசி மாதம் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். முதனை பக்கத்தில் இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். பிரஷ் கட்டரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸிலேயே தூக்கி வந்திருந்தார். கொட்டை விழ ஆரம்பிப்பதற்குள் மரத்தடியைச் சுத்தம் செய்தாக வேண்டும். புல்லுக்குள் விழுந்த கொட்டை கண்ணில் படாது, பட்டாலும் பொறுக்க இரண்டு மடங்கு ஆள் வேண்டும். ஆனால் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்று நாள் கயிறு இழுத்து மகனுக்குத் தோள் வலிதான் மிச்சம்.

"மானியத்துல குடுக்குற மிஷினு இவ்ளோதான் வரும்னு ஊர்ல சொல்றாங்க சார். பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

இருபத்தைந்தாயிரம் ரூபாய் மெஷின் அது. பாதி மானியம். மீதியை நகையை அடகு வைத்துக் கட்டியிருந்தார். மொத்தமாகப் பத்து நாள்கூட ஓடியிருக்காது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் தொட்டி மூடியைத் திறந்ததுமே முகம் சுளித்தார். பெட்ரோல் வாடையே இல்லை, வார்னிஷ் வாடை அடித்தது. கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் அடியில் கலங்கலாகத் தனியாக ஓர் அடுக்கு நின்றது. கார்புரேட்டருக்குள் பழுப்பு நிறத்தில் பிசின். உள்ளே இருக்கும் மெல்லிய டயாபிரம் விறைத்துப் போயிருந்தது. பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் கை வைத்ததும் ஒடிந்தது. டயாபிரம், குழாய், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். அன்று மாலையே மெஷின் ஓடியது. புரட்டாசியில் தொட்டியில் அப்படியே விட்ட கால் லிட்டர் பெட்ரோல் செய்த வேலை இவ்வளவும்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் மெஷின் வாங்குவதற்கு முன் நடந்த கூட்டத்தில் பேசியவன் நான்தான். மானிய விண்ணப்பம் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பிளேடு பற்றி அரை மணி நேரம். பெட்ரோல் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இப்போது வருவது பழைய பெட்ரோல் அல்ல

பெட்ரோல் கெட்டுப் போகுமா என்று பலர் கேட்பார்கள். கெட்டுப் போகும். எப்போதுமே கெட்டுத்தான் போனது. இப்போது இன்னும் சீக்கிரம் கவனிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பங்கில் நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2003 ஜனவரியில் சில மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கிய கலப்பு இது. 2022இல் நாடு முழுவதும் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2030க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இலேயே அடைந்துவிட்டார்கள். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் வருகிறது. நாம் விளைவித்த பொருளுக்கு இன்னொரு சந்தை அது. ஆனால் எத்தனாலின் குணம் தெரியாமல் மெஷின் வைத்திருந்தால் நஷ்டம் நமக்கு.

எத்தனால் தண்ணீருக்கு நண்பன். மூடி சரியில்லாத கேனில், பாதி காலியான தொட்டியில் இருக்கும் காற்றின் ஈரத்தை அது மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கொட்டகைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஓர் அளவு வரை அந்தத் தண்ணீர் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்துகொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அந்த டம்ளரில் நாங்கள் பார்த்த அடி அடுக்கு அதுதான்.

இதில் இரண்டு ஸ்ட்ரோக் மெஷினுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நாம் கலந்த டூ-டி ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். தொட்டியிலிருந்து உறிஞ்சும் குழாயின் முனை அடியில் கிடக்கிறது. அப்படியென்றால் எஞ்சினுக்குள் முதலில் போவது ஆயில் இல்லாத தண்ணீர் கலந்த எத்தனால். பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகி ஓடிவிட்டால் அதைவிட மோசம். மசகு இல்லாமல் பிஸ்டன் இறுகிவிடும். 900 ரூபாயில் முடியாது.

ஈரம் ஒன்றுதான் எதிரி என்று நினைக்க வேண்டாம். பெட்ரோலில் சட்டென்று தீப்பிடிக்கும் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகும். மிச்சம் இருப்பது கார்புரேட்டரின் ஊசித்துளைகளில் பிசினாகக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மேலும், பழைய வகை ரப்பர் குழாய்களை எத்தனால் முதலில் ஊறவைத்து, காய்ந்த பிறகு விறைக்க வைக்கும். பல சின்ன மெஷின்களின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதம் வரைதான் என்று எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் குழாயையும் டயாபிரத்தையும் பருவத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

உழவர் கூட்டங்களில் நான் இப்போது ஒரு சோதனை செய்து காட்டுகிறேன். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 50 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் இருந்த 10 மில்லி தண்ணீர் ஏறத்தாழ 20 மில்லியாக உயர்ந்து நிற்கும். கூடியது எத்தனால். "சார், தண்ணி குட்டி போட்டுடுச்சு" என்றார் ஒரு பெரியவர். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கூட்டத்துக்கு வந்து பாருங்கள்.

மெஷினை மழைக்கால ஓய்வுக்கு வைக்கும் முறை

அரை மணி நேர வேலை இது. செலவு ஏதும் இல்லை. மெஷின் நன்றாக ஆறிய பிறகு, வெட்ட வெளியில், பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

1. தொட்டியில் மிச்சம் உள்ள பெட்ரோலைப் புனல் வைத்துக் கேனில் ஊற்றுங்கள்.

2. கார்புரேட்டர் பக்கத்தில் அமுக்கும் ரப்பர் குமிழ் இருந்தால் ஏழெட்டு முறை அமுக்குங்கள். குழாயில் நின்ற பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும். அதையும் ஊற்றிவிடுங்கள்.

3. மெஷினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் கொடுக்காமல், தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் காலியாகும். பவர் வீடர், பம்பு போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருக்கும். எஞ்சின் ஆறியதும் அதைத் தளர்த்தினால் மிச்சம் வடிந்துவிடும்.

4. மறுபடி நன்றாக ஆறட்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுங்கள். பிளக்கைத் திரும்பப் போட்டு இறுக்குங்கள்.

5. காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துப் போடுங்கள்.

6. ஈரத்தரையில் வைக்காமல் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். பெட்ரோல் குழாயை எலி கடிக்கும். நெல் மூட்டைப் பக்கத்தில் மெஷினை வைத்தால் எலியை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

தை மாதம் எடுக்கும்போது புது பெட்ரோல் ஊற்றுங்கள். பழையதில் "கொஞ்சம் புதுசு கலந்து" பார்க்கும் வேலை வேண்டாம்.

மழையிலும் இடையிடையே மெஷின் தேவைப்படும் என்பவர்களுக்கு ஒரே விதி: அன்றைய வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்குங்கள். பிரஷ் கட்டர் வேலையைப் பொறுத்து மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். மூன்று மணி நேர வேலைக்கு ஐந்து லிட்டர் வாங்கி வைப்பானேன்? வாங்கிய பெட்ரோலை 30 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான கம்பெனிக் கையேடுகள் சொல்வது. கேனில் ஒரு அட்டையைக் கட்டி வாங்கிய தேதியை எழுதிவிடுங்கள். பூச்சிமருந்துக்குக் காலாவதி தேதி பார்க்கிற நமக்கு இது புதிதல்ல.

வாசகர் கேள்விகள்

பவர் ஸ்பிரேயர் பராமரிப்பு பற்றி முன்பு எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெட்ரோல் பற்றியவை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

*கேள்வி: பங்கில் பாட்டிலில் பெட்ரோல் தர மறுக்கிறார்கள். பிரஷ் கட்டரை எப்படி பங்குக்குத் தூக்கிக்கொண்டு போவது? விவசாயியை இப்படி அலைக்கழிக்கலாமா? (பெண்ணாடம் வாசகர்)*

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் பங்க் ஊழியர் பக்கம் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் பெட்ரோலுக்கு ஆனது அல்ல. இளகும், மூடி வழியாக ஆவி கசியும், வெயிலில் உப்பும்.

1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. ஆனால் எதில் வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது: இறுக மூடிய கண்ணாடி, கனத்த பீங்கான் அல்லது உலோகப் பாத்திரம். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் 25 லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் அந்த வரிசையில் இல்லை.

ஆகவே திருகு மூடியும் உள்ளே ரப்பர் வாஷரும் உள்ள ஐந்து லிட்டர் தகரக் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். எதற்கு என்று பங்கில் சொல்லுங்கள். நிரப்பும்போது கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். உராய்வில் எழும் சிறு பொறியைத் தரை இழுத்துக்கொள்ளும். கழுத்து வரை நிரப்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

*கேள்வி: நான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பெரிய பீங்கான் ஊறுகாய் ஜாடிகள் சும்மா இருக்கின்றன. பீங்கான் எதற்கும் அசையாது என்பார்கள். அதில் பெட்ரோல் வைக்கலாமா? (வாசகி)*

நம் ஊருக்கு ஏற்ற கேள்வி. பீங்கானை பெட்ரோல் அரிக்காது, நீங்கள் சொல்வது சரி. மேலே சொன்ன சட்டத்திலும் பீங்கானுக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் வரைதான், அதுவும் இறுக மூடினால்தான். ஊறுகாய் ஜாடி மூடி இறுகாது. துணி கட்டினாலும் ஆவி வெளியே வரும். கை தவறி விழுந்தால் ஒரே நொடியில் வீடெல்லாம் பெட்ரோல். ஜாடியை ஊறுகாய்க்கே வைத்துக்கொண்டு தகரக் கேனுக்கு வாருங்கள்.

பீங்கான் தெரிந்தவர் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதியும் ஒருவகைப் பீங்கான்தான். அதைக் கழற்றி முனையைப் பார்த்தால் எஞ்சினின் உடல்நிலை தெரியும். வெளிர் பழுப்பு என்றால் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். சூளையில் நிறம் பார்த்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு இது கடினமே இல்லை.

*கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில்? கடைக்காரர் ஒரு அளவு சொல்கிறார், மெக்கானிக் ஒரு அளவு சொல்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிலே ஊற்றுவதில்லை, அவர் மெஷினும் ஓடுகிறது. (மங்கலம்பேட்டை வாசகர்)*

பக்கத்துத் தோட்டக்காரர் மெஷின் நான்கு ஸ்ட்ரோக்காக இருக்கும். அதில் ஆயில் தனியாக எஞ்சினுக்குள் ஊற்றுவது. தொட்டியில் வெறும் பெட்ரோல்தான். தோளில் மாட்டும் மெஷினில் அந்த ஆயில் மொத்தமே 80 முதல் 100 மில்லிதான் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அளவு பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

உங்களுடையது இரண்டு ஸ்ட்ரோக் என்றால் கையேட்டிலோ தொட்டி மூடியிலோ விகிதம் இருக்கும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. கையேடு சொல்வதே உங்கள் மெஷினுக்குச் சட்டம். டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று குறித்த டூ-டி ஆயில் வாங்குங்கள். பைக் எஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலை இதில் கலக்கக் கூடாது.

மூடியால் குத்துமதிப்பாக அளக்காதீர்கள். மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அளக்கும் குவளையை எடுக்கவே கூடாது. கேனில் பாதி பெட்ரோல், அதில் முழு ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதி பெட்ரோல், மறுபடி குலுக்கல். தொட்டிக்குள் நேராக ஆயில் ஊற்றிக் கலக்க முடியாது. ஆயில் கலந்த கேனில் "ஆயில் கலந்தது" என்று பெயின்டில் எழுதிவிடுங்கள்.

*கேள்வி: பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் என்ன? அந்தக் காலத்தில் பம்ப்செட்டே மண்ணெண்ணெயில் ஓடியதே? (ஸ்ரீமுஷ்ணம் வாசகர்)*

ஓடியது உண்மை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்த எஞ்சின் அதற்கென்றே செய்தது. இன்றைய பிரஷ் கட்டர் அப்படி அல்ல. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கரியாகப் படியும், பிளக் கறுக்கும், எஞ்சின் தட்டும். லிட்டருக்கு மிச்சம் பிடித்த காசை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வருவீர்கள். டீசலுக்கும் இதே பதில். செலவைக் குறைக்க வேண்டுமானால் பிளேடைத் தீட்டி வையுங்கள். மழுங்கிய பிளேடுதான் பெட்ரோலைத் தின்னும்.

*கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து டியூப் வைத்து வாயால் உறிஞ்சித்தான் பெட்ரோல் எடுப்பார். அதை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிச் சமையற்கட்டு மூலையில் வைப்பார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் கேட்பதில்லை. (கருவேப்பிலங்குறிச்சி வாசகி)*

அம்மா, இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். உங்கள் பயம் நியாயமானது. மற்ற கேள்விகளில் போவது மெஷின். இதில் போவது உயிர்.

முதலில் குழந்தை. பெட்ரோல் ஒரு வாய் உள்ளே போனாலும் பெரிய ஆபத்து வயிற்றில் இல்லை, நுரையீரலில். வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் வெந்துவிடும். அதனால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். குழந்தை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் போக வேண்டும். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். வாயால் உறிஞ்சும் உங்கள் வீட்டுக்காரருக்கும் இதே ஆபத்து. கையால் அமுக்கும் பிளாஸ்டிக் பம்பு கடையில் கிடைக்கிறது. அதை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து சமையற்கட்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போகும். மூலையில் இருக்கும் பாட்டிலிலிருந்து கசியும் ஆவி அடுப்பைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு, அதே வழியில் பாட்டிலுக்குத் திரும்பும். பாட்டிலைத் தொடவே வேண்டாம். சாமி விளக்கு எரியும் இடமும் அப்படித்தான். மோட்டார் கொட்டகையும் பலர் நினைப்பது போலப் பாதுகாப்பான இடம் அல்ல. ஸ்டார்ட்டர் பெட்டியில் பட்டனைப் போடும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கிறது.

வீட்டை விட்டுத் தள்ளி, வெயில் படாத, காற்றோட்டமான, பூட்டு உள்ள இடம் வேண்டும். உரம், பூச்சிமருந்து, வைக்கோல் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒரு வாளி மணலும் ஒரு கோணிச்சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். மணல் போட வேண்டும், அல்லது நனைத்த சாக்கால் மூட வேண்டும். தீ பெரிதென்றால் ஆளை வெளியேற்றிவிட்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

*கேள்வி: புயல் காலத்துக்கு ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். முன்கூட்டியே பெட்ரோல் வாங்கி வைத்தால்தானே உதவும்? நீங்கள் வைக்காதே என்கிறீர்களே? (பண்ருட்டி வாசகர்)*

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தில் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். வைக்கத்தான் வேண்டும். பழசாக விடக் கூடாது, அவ்வளவுதான்.

வழி இதுதான். தகரக் கேனில் பத்து லிட்டர் போதும். அதில் ஆயில் கலக்காதீர்கள். மாதம் ஒருமுறை கேனில் உள்ளதை உங்கள் பைக்கில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிட்டு, கேனுக்குப் புதிதாக வாங்குங்கள். பழையது வண்டிக்கு, புதியது கேனுக்கு. மார்கழி முடிந்ததும் கேனைக் காலி செய்துவிடுங்கள். ஜெனரேட்டர் தொட்டியையும் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகு வற்ற விடுங்கள்.

ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில், மேலே மட்டும் மறைப்புக் கொடுத்து ஓட்டுங்கள். பெட்ரோல் தீர்ந்தால் நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். இருட்டில் ஊற்றும்போது டார்ச் பிடியுங்கள். மெழுகுவர்த்தி பிடிக்காதீர்கள்.

*கேள்வி: ஏற்கெனவே கெட்டுப்போன பெட்ரோலை என்ன செய்வது? குப்பை கொளுத்த உதவுமா? (கம்மாபுரம் வாசகர்)*

குப்பைக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். ஊற்றிவிட்டுத் தீக்குச்சி உரசுவதற்குள் ஆவி காலடி வரை வந்திருக்கும். வரப்பிலோ கிணற்றடியிலோ கொட்டவும் கூடாது. நாம் குடிக்கும் தண்ணீர் அது. ஆயில் கலக்காத, அடியில் அடுக்குப் பிரியாத, ஒன்றிரண்டு மாதப் பெட்ரோல் என்றால் பைக் தொட்டி முக்கால் நிறைந்திருக்கும்போது கால் லிட்டர், கால் லிட்டராகச் சேர்த்துத் தீர்க்கலாம். அடுக்குப் பிரிந்ததையும் ஆயில் கலந்து கெட்டதையும் கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பதினைந்து நாளில்

மெஷின் வைத்திருப்பவர்கள் மழை பிடிப்பதற்குள் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். கேனில் தேதி எழுதுங்கள். வீட்டில் பெட்ரோல் இருக்கும் பாட்டில் எதுவாக இருந்தாலும் இன்றே அப்புறப்படுத்துங்கள். மானியத்தில் புதிதாக வாங்கப் போகிறவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கும்போது விலையோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: இது இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கா? எத்தனால் எவ்வளவு வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது?

அந்த முதனை அம்மாவைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். "தொட்டியைக் கவுத்து ஊத்திட்டேன் சார், மிஷினு ஆணியில தொங்குது" என்று அவராகவே சொன்னார். அவர் ஊரில் அதே மெஷின் வைத்திருக்கும் நான்கு வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டாராம். நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்த இதழில் மழை நின்றதும் முந்திரித் துளிரில் வரும் தேயிலைக் கொசுவைப் பற்றிப் பார்ப்போம். கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.